சாய்ந்த பீஸை வைஸில் பிடிக்க எது தேவலை: பின் போட்ட ‘ஜா’வா, அரைவட்டக் கட்டையா?

போன ஆடியில் ஒரு பவுண்டரியிலிருந்து எழுபது வார்ப்பிரும்பு பிராக்கெட் வந்தது. மேல்முகத்தை மில்லிங் செய்து நாலு ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பிடிக்க வேண்டிய பக்கங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று 7 டிகிரி சாய்வு. சாதாரண வைஸில், அதாவது இரண்டு தாடைகளுக்கு (எங்கள் பேச்சில் ‘ஜா’) நடுவே, வைத்து இறுக்கினால் தடித்த முனை மட்டும் கடிபடும், மெல்லிய முனை காற்றில் நிற்கும். கட்டர் தொட்டதும் பீஸ் திரும்பிக்கொள்ளும். மெல்லிய ஷிம் தகட்டை மடித்து மடித்துச் சொருகி எப்படியோ முடித்தோம். மூன்று பீஸ் ஸ்கிராப், ஒரு கட்டர் போச்சு.

அதற்குப் பிறகுதான் இதற்கென்றே ஒரு ஏற்பாடு செய்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். எங்களுடையது கோவை கணபதியில் சின்னப் பட்டறை. ஒரு டரட் மில்லிங், இரண்டு லேத், ஒரு டிரில்லிங். சிஎன்சி கிடையாது. நான் சொல்வதெல்லாம் இந்த அளவுள்ள பட்டறைக்குத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடையில் ‘ஆங்கிள் வைஸ்’ என்று கேட்டால் அடியில் கீல் வைத்துச் சாயும் வைஸை எடுத்து நீட்டுவார்கள். அது இணையான பக்கங்கள் உள்ள பீஸை மொத்தமாகச் சாய்த்துக் காட்டுவதற்கு. நம் பீஸின் பக்கங்களே இணையாக இல்லை என்றால் அதனால் ஒரு பயனும் இல்லை. சாய்வாக வெட்டத்தான் வேண்டுமென்றால்கூட, அதன் அளவுகோலை நம்பி ஒரு டிகிரி பிசகினால் 100 மி.மீ. நீளத்தில் 1.7 மி.மீ. போய்விடும். அதற்குக் கோணத்தைத் துல்லியமாக வைக்கும் சைன் வைஸும், அதற்கு உயரம் கொடுக்கும் ஸ்லிப் கேஜும் வேண்டும். அது வேறு கதை.

இன்னொரு வழி, அந்தக் கோணத்துக்கே அலுமினியத்தில் சாஃப்ட் ஜா (பீஸின் வடிவத்துக்கே வெட்டிய மெதுவான தாடை) வெட்டி மாட்டுவது. ஒரே பீஸ் ஐந்நூறு வருகிறதா, யோசிக்காமல் இதைச் செய்யுங்கள். இதை அடிக்க ஆள் இல்லை. எங்களுக்கு வருவதோ இன்றைக்கு 7 டிகிரி, நாளைக்கு 3, அடுத்த வாரம் 1:50 சரிவில் ஒரு கிப் (ஆப்பு வடிவப் பட்டை). ஒவ்வொன்றுக்கும் ஜா வெட்டிக்கொண்டிருந்தால் கூலி கட்டாது.

மிச்சம் இரண்டு. நகரும் ஜாவை நடுவில் ஒரு பின் போட்டுத் திரும்ப வைப்பது ஒன்று. ஜா நேராகவே இருக்க, அதற்கும் பீஸுக்கும் நடுவே திரும்பக்கூடிய அரைவட்டக் கட்டை வைப்பது மற்றது.

நாங்கள் முதலில் செய்தது பின் ஜா. பார்க்க அதுதான் வைஸ் மாதிரி இருந்தது, வேறு காரணம் இல்லை. நீண்ட பரம்பரையும் அதற்கு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் வேய்ன்ஸ்பரோவில் எம்மர்ட் என்பவர் 1891இல் காப்புரிமை வாங்கிய பேட்டர்ன் (வார்ப்புக்காக மணலில் பதிக்கும் மர மாதிரி) வைஸின் ஜா, பீஸின் சாய்வுக்கு ஏற்பத் திரும்பும். பேட்டர்ன் செய்கிறவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணலிலிருந்து உருவ வேண்டுமென்றால் பேட்டர்னுக்கு ஒன்றிரண்டு டிகிரியாவது சரிவு கொடுத்தாக வேண்டும். ஆனால் அவர்கள் பிடித்தது மரம். விழுந்தது மரத்தூள். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

20 மி.மீ. பின், அது திரும்ப 40 மி.மீ. நீளத்துக்கு வெண்கல புஷ் (உறை). முதல் மாதம் அருமையாக வேலை செய்தது. ஐந்தாவது மாதம் எங்கள் மில்லிங் ஆபரேட்டர் ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். பீஸை இறுக்கி, ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, பீஸைத் தாங்க அடியில் வைத்திருந்த பேரலல் கட்டையை இரண்டு விரலால் இழுத்தார். சரக்கென்று வெளியே வந்துவிட்டது. “ஏனுங்க, இறுக்க இறுக்கப் பீஸு மேல கெளம்புதுங்க. பின்னு லொடலொடங்குது” என்றார்.

கழற்றிப் பார்த்தால் புஷ்ஷுக்குள் கருப்புக் களிம்பு. வார்ப்பிரும்புத் தூளும் கூலன்டும் கலந்தால் அது உலோகத்தையே தேய்த்தெடுக்கும் லேப்பிங் பேஸ்ட்டேதான். ஒவ்வொரு முறை ஜா திரும்பும்போதும் பின்னையும் புஷ்ஷையும் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆட்டம் 0.08 மி.மீ. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். 40 மி.மீ. நீளத்தில் 0.08 என்றால், 50 மி.மீ. உயரத்தில் ஜா 0.1 மி.மீ. சாயும். சாதாரண வைஸில் ஸ்க்ரூ பீஸுக்குக் கீழே இருப்பதால் நகரும் ஜா இறுக்கும்போது மேல்நோக்கித்தான் கிளம்பும். அந்த ஆட்டத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. புஷ் மாற்றலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஜாவை இறக்கி, பின்னைத் தட்டி, புஷ்ஷை அழுத்தி ஏற்ற அரை நாள். அழுக்கு எட்டாத இடத்தில் தேய்மானம் இருந்தால் யாரும் துடைக்க மாட்டார்கள், நானும் துடைத்ததில்லை. நான் கட்சி மாறியது இதனால்தான், மற்றதெல்லாம் சில்லறைக் காரணங்கள்.

அரைவட்டக் கட்டையில் பின்னே இல்லை. 50 மி.மீ. இ.என். 8 எஃகுக் கம்பியை நீளவாக்கில் பாதியாக்கி 50 மி.மீ. உயரத்துக்கு நறுக்கினோம். தட்டை முகம் பீஸைத் தொடும், வளைந்த முதுகு ஜாவில் குடைந்த பள்ளத்தில் உட்காரும். இறுக்க இறுக்க அது பள்ளத்துக்குள் அழுந்துமே தவிர ஆட இடமில்லை. முடிந்ததும் கையால் எடுத்து, பனியன் துணியால் ஒரு துடை, திரும்ப வைக்கலாம். பத்து விநாடி வேலை என்பதால் ஆபரேட்டரும் செய்கிறார்.

செய்தது இப்படி. 28 மி.மீ. தடிமனில் இரண்டு பிளாக், நடுவில் 20 மி.மீ. தடித் துண்டு ஒன்று, மூன்றையும் சேர்த்து போல்ட் போட்டு, நட்டநடுவே 50.1 மி.மீ. விட்டத்தில் துளை (போர்) அடித்தோம். பிரித்தால் இரண்டு பிளாக்கிலும் 15 மி.மீ. ஆழப் பள்ளம், அச்சு அசலாக ஒரே மாதிரி. அந்த 0.1 முக்கியம். பள்ளம் கட்டையைவிடத் துளி பெரிதாக இருந்தால் கட்டை அடியில் உட்காரும். சிறிதாக இருந்தால் இரண்டு விளிம்பிலும் தொங்கிச் சிக்கிக்கொள்ளும். பிளாக்கை ஜா பிளேட் இருந்த இடத்தில் அதே ஆலன் போல்ட்டால் மாட்டினால் ஆயிற்று. வைஸில் ஒரு கீறல்கூட இல்லை, நாளைக்கு விற்றாலும் விலை போகும்.

கம்பியை அறுக்கும்போது ரம்பம் தின்றது போகக் கட்டை சரிபாதிக்கு ஒரு மி.மீ. குறைந்துவிட்டதே என்று வேறொரு கம்பியை மெனக்கெட்டு மில்லிங் செய்தேன். வீண் வேலை. முகம் மையத்திலிருந்து ஒரு மி.மீ. தள்ளி இருந்தாலும் 10 டிகிரி திரும்பும்போது பக்கவாட்டில் 0.17தான் நகரும், பிடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. வைஸைத் திறந்தால் கட்டை பொத்தென்று கீழே விழும். காந்தம் பதித்துப் பார்த்தோம், அது பிசிறையெல்லாம் இழுத்துப் பள்ளத்துக்குள் சேர்த்தது, பிடுங்கிப் போட்டுவிட்டோம். இப்போது முதுகில் ஒரு விரல் கிரீஸ். ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வைஸின் திறப்பில் ஏறக்குறைய 23 மி.மீ. போய்விட்டது. கணக்குப்படி கட்டை 23 டிகிரிவரை திரும்பும். ஆனால் ஜாவுக்கு வெளியே 10 மி.மீ.தான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதால், 10 டிகிரி சாய்வுள்ள பீஸ் 110 மி.மீ.க்கு மேல் நீண்டால் அதன் முனை போய் பிளாக்கில் முட்டும்.

திரும்புகிறது என்பதற்காகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். வேப்பம்பழத்தை இரண்டு விரலால் பிதுக்கினால் கொட்டை துள்ளி ஓடுமே, ஆப்பு வடிவப் பீஸும் அப்படித்தான், தடித்த முனைப் பக்கமாக வழுக்கும். எண்ணெய் பட்ட இரும்புக்கு உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொண்டால் ஒரு முகம் 5.7 டிகிரி தாங்கும், இரண்டும் சேர்ந்து 11 டிகிரி சொச்சம். அதற்கு மேல் தடித்த முனையில் ஸ்டாப்பர் இல்லாமல் கட்டரை இறக்காதீர்கள். 18 டிகிரி பீஸ் ஒன்று எங்கள் கண்முன்னே பறந்து கூலன்ட் தொட்டியில் விழுந்தது. பின் ஜாவுக்கும் இதே கணக்குத்தான்.

அரைவட்டத்துக்குள் சின்ன அரைவட்டங்கள், அதற்குள் இன்னும் சின்னவை என்று அடுக்கி, எந்தக் கோணல் வடிவத்தையும் பிடிக்கும் ஒரு வைஸுக்கு அமெரிக்காவில் 1913இலேயே காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. நான் கையில் தொட்டதில்லை, ஆனால் அத்தனை வளைவுகளுக்கும் நடுவில் வார்ப்பிரும்புத் தூள் போனால் யார் துடைப்பது என்றுதான் முதலில் தோன்றியது. மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் சேர்ந்து சாயும் பீஸுக்குக் கட்டையை அரைக்கோளமாகச் செய்ய வேண்டும். ஒரே ஒரு பீஸுக்குச் செய்து பார்த்தேன், பிடித்தது. ஒரு பீஸை வைத்து நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன்.

அந்தத் துளை போட்டதில் மிஞ்சிய இரண்டாவது பிளாக் அலமாரியில் கிடக்கிறது. நிலையான ஜாவிலும் அதை மாட்டிவிடலாமே என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். கூடாது. இரண்டு பக்கமும் திரும்பினால் பீஸ் நன்றாகத்தான் இறுகும், ஆனால் ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு கோணத்தில் உட்காரும், டயல் கேஜ் வைத்துப் பார்க்க நேரான முகம் ஒன்றுகூட மிஞ்சாது.