பிள்ளைகளுக்கான கல்லீரல் பேக்கேஜ்: 160 வெள்ளிக்கு ஒரு தப்பான நிம்மதி

என் பன்னிரண்டு வயது மகனுக்கு எடை கூடுதல் என்று பள்ளியிலிருந்து தாள் வந்தது. நேராகப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போயிருக்க வேண்டும். நான் போனது சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு தனியார் கிளினிக்குக்கு, அங்கே சிறுவர் கல்லீரல் பேக்கேஜ் என்று பெரிதாகப் போட்டிருந்ததை நம்பி. பெயர் வேண்டாம்.

ரத்தம் எடுத்த அக்கா தங்கமானவர். ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவனிடம் "தம்பி, கீழே போனதும் பரோட்டாவா தோசையா?" என்றார், அவன் யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டார்.

ரிப்போர்ட்தான் வினை. ஏஎல்டி (கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ஒரு நொதி) 54, பக்கத்தில் "55 வரை இயல்பு", கீழே கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி. நானும் சந்தோஷமாக மடித்து வைத்துவிட்டேன். அந்த 55 பெரியவர்களுக்கான அளவாம். பிள்ளைகளின் கொழுப்புக் கல்லீரலுக்கு 2017-இல் வந்த வட அமெரிக்க வழிகாட்டியில் பையன்களுக்கு 26, பெண் பிள்ளைகளுக்கு 22தான் எல்லை. அப்படிப் பார்த்தால் என் மகனுக்கு இரண்டு மடங்குக்கும் மேல், ஆனால் தாளில் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை.

இதில் ஃபிப்-4 என்று, கல்லீரலில் தழும்பு இருக்குமா என்று கணிக்கிற இன்னொரு எண்ணையும் பெருமையாக அச்சடித்திருந்தார்கள், "தழும்பு ஆபத்து குறைவு" என்று. அந்தக் கணக்கில் வயதையும் ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதியின் அளவையும் பெருக்கி, ரத்தத்தின் பிளேட்லெட் எண்ணிக்கையாலும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தாலும் வகுப்பார்கள். பன்னிரண்டால் பெருக்கினால் குறைவாகத்தானே வரும்? பெரியவர்களுக்கென்று செய்த சூத்திரம், பிள்ளைகளுக்கு அதை நம்ப முடியாது.

ஒரு மாதம் கழித்து இருமலுக்காகப் பலதுறை மருந்தகம் போனபோது டாக்டர் முதலில் பார்த்தது அவன் கழுத்தை. பின்கழுத்துக் கறுப்பை அழுக்கு என்று நினைத்து நான் வாரா வாரம் கடலைமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன் (பாவம், எவ்வளவு கத்தினான்). அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாமாம். ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஏஎல்டி கூடினால் கொழுப்புதான் என்றும் இல்லை, சரியாக இருந்தால் கொழுப்பே இல்லை என்றும் இல்லை, ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றார். மறுபடி ஏஎல்டி, மூன்று மாதச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, கூடவே ஹெபடைடிஸ் பி, வில்சன் நோய்க்கு (உடம்பில் செம்பு சேரும் பரம்பரை நோய்) செருலோபிளாஸ்மின் என்ற ரத்தப் புரதம் என்று எழுதிக் கொடுத்தார். பேக்கேஜில் இந்தக் கடைசி இரண்டும் கிடையாது.

கிளினிக்குக்குப் போன் போட்டேன். "கணினி தானாகப் போடுற ரேஞ்சு மேடம்" என்றார்கள். சரி, அப்புறம் சிறுவர் பேக்கேஜ் என்று எதற்குப் பெயர்?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் அந்த அக்காவுக்கு. ஏற்கெனவே பிள்ளைகளுக்கு இது மாதிரி பேக்கேஜ் எடுத்தவர்கள் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, ஏஎல்டிக்குப் பக்கத்தில் என்ன எல்லை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 50, 55 என்று இருந்தால் வேறு டாக்டரிடம் காட்டுங்கள்.