மெஷ் பேடின் இறுக்கம்: நான்கு ஆண்டு அனுபவம்

மின்னணு டிரம் வாங்கி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அநேகமாகத் தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். ஒலியை எழுப்பும் பெட்டியான மாட்யூலில் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருந்தும், என் கையை மாற்றியது குச்சியால் அடிக்கும் பேடின் விளிம்பிலுள்ள ஆறு திருகுகள்தான்.

1997இல் ரோலண்ட் நிறுவனம், டிரம் தோல் தயாரிக்கும் ரெமோவுடன் சேர்ந்து, மெஷ் எனப்படும் வலைத் தோலை டிடி-10 என்ற மின்னணு டிரம் தொகுப்பில் கொண்டுவந்தது. அதற்கு முன் பெரும்பாலும் ரப்பர் பேடுகள். ரப்பர் எப்படி வந்ததோ அப்படியே இருக்கும். மெஷ்ஷை நம் கைக்கேற்ப இறுக்கலாம், தளர்த்தலாம். ஆனால் தோல் கருவிகளில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. தோலை இறுக்கினால் சுருதி ஏறும் என்பது நமக்கு ஊறிப்போன பாடம். மெஷ் பேடில் சுருதி மாட்யூலுக்குள் இருக்கிறது. திருகு மாற்றுவது இரண்டை மட்டும்: குச்சி துள்ளும் விதம், அடியைச் சென்சார் உணரும் விதம்.

முதல் ஆண்டில், வாசிப்பவருக்கு நேர் முன்னால் இருக்கும் ஸ்நேர் பேடில் ஓர் அடி அடித்தால் சில சமயம் இரண்டு ஒலிகள் கேட்டன. மாட்யூலில்தான் கோளாறு என்று நினைத்து, இரட்டை ஒலியைத் தடுக்கும் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். இரட்டை ஒலி நின்றது. கூடவே, இரு கைகளாலும் மாறி மாறி வேகமாக உருட்டும்போது நடுவில் சில அடிகள் காணாமல் போயின. பல வாரம் என் இடது கைதான் பலவீனம் என்று நம்பிப் பயிற்சி செய்தேன். உண்மையில் தோல் தளர்ந்திருந்தது. தளர்ந்த மெஷ் அடித்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை மாட்யூல் இன்னோர் அடியாக எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு திருகையும் முக்கால் சுற்று இறுக்கி, மாட்யூலின் அளவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். விடுபட்ட அடிகள் அன்றே திரும்பிவிட்டன.

அதிலிருந்து என் வரிசை இதுதான்: முதலில் தோல், பிறகு மாட்யூல். இறுக்கத்தை மாற்றினால் உணர்திறனையும் மறுபடி பார்த்தாக வேண்டும். உண்மையான வாசிப்பில் எவ்வளவு பலமாக அடிப்பேனோ அந்த அடியில் திரையிலுள்ள பட்டை உச்சியைத் தொட வேண்டும்; சாதாரண அடிக்கே தொட்டுவிட்டால் மெல்லினம் வல்லினம் என்ற வேறுபாடே ஒலியில் மிஞ்சாது.

எதிர்ப்பக்கத் தவறையும் செய்திருக்கிறேன். துள்ளல் பிடித்துப்போய், ஸ்நேரைச் சுற்றியுள்ள டாம் பேடுகள் எல்லாவற்றையும் கல்போல இறுக்கினேன். வாசிக்கச் சுகமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து அசல் டிரம்மில் உட்கார்ந்தபோது, தரையில் நிற்கும் பெரிய ஃப்ளோர் டாமில் குச்சி திரும்பி எழவில்லை. என் கை செய்ய வேண்டிய வேலையை அதுவரை மெஷ் செய்துகொண்டிருந்திருக்கிறது. இப்போது ஸ்நேர் இறுக்கமாகவும், சிறிய டாம் அதைவிடச் சற்றுத் தளர்வாகவும், ஃப்ளோர் டாம் எல்லாவற்றிலும் தளர்வாகவும் வைத்திருக்கிறேன். தளர்வுக்கும் எல்லை உண்டு: நடுவில் அடிக்கும்போது குச்சி, தோலுக்குக் கீழே சென்சார்மேல் இருக்கும் பஞ்சுக் கூம்பில் இடிப்பது கையில் தெரிந்தால், அது அளவுக்கு மீறிய தளர்ச்சி.

சீராக இறுக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். எல்லாத் திருகுகளையும் முதலில் விரலால் முட்டும்வரை சுற்றுகிறேன். பிறகு டிரம் சாவியால் எதிரெதிராக அரைச் சுற்று, முடிவில் கால் சுற்று. ஒரு பக்கம் கூடிவிட்டதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பேடைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், மிகையாக இறுகிய திருகின் அருகே வலையின் இழைகள் நேராக ஓடாமல் வளைந்திருக்கும். புதுத் தோல் முதல் சில நாட்களில் நீளும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று பார்க்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஸ்நேரின் மெல்லிய அடிகள் கேட்கவில்லை. எவ்வளவு திருகியும் பயனில்லை. தோலைக் கழற்றிப் பார்த்தேன்: பஞ்சுக் கூம்பின் நுனி, பலகாலம் தலை வைத்த தலையணைபோல அமுங்கிக் கிடந்தது. கூம்பு தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அடியின் அதிர்வு சென்சாருக்குப் போகும். தோலைப் போடும் முன் அதன் நுனி பேடின் விளிம்பைவிடச் சிறிது உயர்ந்து நிற்க வேண்டும். என்னுடையது கீழே இறங்கியிருந்தது. கூம்பை மாற்றியதும் விரல் நுனியால் தட்டினால்கூடக் கேட்டது. திருகினால் தீராத குறைக்குத் தோலைக் கழற்றிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

காலால் மிதித்து அடிக்கும் கிக் பேடைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மிதமாக இறுக்கி வைத்தேன், இன்றுவரை தொந்தரவு இல்லை. குச்சி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: சிலும்பெழுந்த மரமுனை மெஷ்ஷில் ஓர் இழையை இழுத்துவிட்டது. அதற்குப் பிறகு நைலான் முனைதான்.

ஸ்நேரில் எனக்கு அருகிலுள்ள இரண்டு திருகுகள் இன்னும் தளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. விளிம்போடு சேர்த்து அடிக்கும் அடிகள் அந்தப் பக்கமே விழுகின்றன. சட்டகத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் உட்காரும் முன்பே கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிவிடுகிறேன்.