எச்சில் குப்பியா, எண் வரிசையா? பிள்ளையின் நினைவாற்றலை அளக்கும் இரு வழிகள்

எங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் மூன்றாவது அவள் நினைவில் நிற்பதில்லை என்றும், மனக்கணக்கில் கையில் வைத்த எண்ணைத் தவறவிடுகிறாள் என்றும் வகுப்பாசிரியை சொன்னதைத் தொடர்ந்து, அவளுடைய குறுகிய கால நினைவை முறையாக அளந்து பார்க்க முடிவு செய்தோம். பாளையங்கோட்டையில் எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குப்பியில் எச்சிலைச் சேர்த்துக் கூரியரில் அனுப்பினால் ‘நினைவாற்றல் மரபணு’ அறிக்கை தரும் தனியார் சோதனை. மற்றொன்று, உளவியலாளர் முன் அமர்ந்து எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இந்த ஒப்பீடும் அந்தப் பக்கமே சாயும். மரபணு அறிக்கையைப் பொறுத்தவரை, பிரதிநிதி காட்டிய மாதிரிப் படிவத்தை வரி விடாமல் படித்தது மட்டுமே என் அனுபவம்.

இரண்டிலும் ஊசி இல்லை, வலி இல்லை. மரபணுச் சோதனைக்குச் செலவு பல மடங்கு. உளவியலாளரிடம் செல்ல அரை நாள் விடுப்பு வேண்டும். இவற்றால் மட்டும் முடிவு மாறப்போவதில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: டி.என்.ஏ.விலிருந்து வாசித்து அறிக்கையில் அச்சாகும் மரபெழுத்துக்கும் இந்தப் பிள்ளைக்கும் இடையே எவ்வளவு தூரம்? நினைவாற்றலில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டே அதைக் கையாளும் செயல்நினைவில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, “அவ மாமனுக்கும் இப்படித்தான், சொன்னது சொன்ன எடத்துல நிக்காது” என்று எங்கள் ஆச்சி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பாதி ஒரு மரபணுவிலோ இரண்டிலோ அடங்கியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் இம்மியளவே பங்களிக்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

மாதிரி அறிக்கை முதலில் காட்டிய கிப்ரா மரபணுவையே எடுத்துக்கொள்வோம். 2006-இல் சூரிச் ஆய்வாளர்கள் தலைமையில் வெளிவந்த ஆய்வில், சொற்பட்டியலைக் கேட்டு ஐந்து நிமிடமும் ஒரு நாளும் கழித்து நினைவுகூர்வதில்தான் அதன் வேறுபாடு தெரிந்தது. நாங்கள் அளக்க நினைத்த சில விநாடி நினைவு வேறு வகை. பல ஆய்வுகளைத் திரட்டிய 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், கற்றதையும் நடந்ததையும் பிறகு நினைவுகூரும் நிகழ்வு நினைவின் வேறுபாட்டில் சுமார் 0.5 சதவீதமும், செயல்நினைவில் சுமார் 0.1 சதவீதமும் மட்டுமே இம்மரபணுவின் பங்காக வந்தன. அடுத்தது சி.ஓ.எம்.டி.; மூளையின் முன்பகுதியில் டோபமைன் என்ற நரம்புச் செய்திக் கடத்தியைச் சிதைக்கும் நொதியை உருவாக்குவது. அந்த நொதியின் 158-ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் வந்தால் அதன் வேகம் குறைந்து டோபமைன் கூடுதல் நேரம் தங்குகிறது. விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, 2001-இல் வந்த ஆய்வு பெரும் எதிர்பார்ப்பையும் எழுப்பியது. ஆயினும் 2008-இல் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது செயல்நினைவுச் சோதனையோடு அதற்குத் தொடர்பு தென்படவில்லை.

பிரதிநிதி திரும்பத் திரும்பச் சொன்ன ‘99 சதவீதத் துல்லியம்’ மரபெழுத்தைப் பிழையின்றி வாசிக்கும் துல்லியம். அந்த எழுத்து இந்தப் பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதற்கு அந்தத் துல்லியம் பொறுப்பேற்காது. எத்தனை முறை அனுப்பினாலும் அதே எழுத்து வரும் என்பதால், விளக்கம் தவறாக இருந்தாலும் அதைப் பெற்றோர் கண்டுபிடிக்க வழியே இல்லை. போதாததற்கு, இத்தகைய பெரும் மரபணு ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர்; அவர்களைக் கொண்டு கணித்த மதிப்பெண் தாமிரபரணிக் கரைப் பிள்ளைக்கு அதே அளவில் பொருந்துவதில்லை.

எண் வரிசைச் சோதனையோ 1887-இல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் மாணவியரிடம் நடத்திய முறையின் வழிவந்தது. உளவியலாளர் ஏற்ற இறக்கமற்ற குரலில், விநாடிக்கு ஓர் எண்ணாகச் சொல்லிக்கொண்டே போனார். ஆறு எண்கள் வரை மகள் தயங்காமல் ஒப்பித்தாள். “இப்ப பின்னாலேருந்து சொல்லும்மா” என்றதும்தான் சிக்கல் வெளிப்பட்டது. 4, 9, 2, 7 என்று கேட்டவள், கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக வைத்து நகர்த்தி, “ஏழு, ஒம்பது...” என்று தொடங்கி, இல்லை என்று தலையசைத்து நிறுத்திவிட்டாள். கேட்டதைப் பிடித்துவைப்பதில் அவளுக்குக் குறையில்லை, பிடித்துவைத்ததைப் புரட்டும்போதுதான் நழுவுகிறது என்பது அந்த இடத்திலேயே விளங்கியது. கையில் வைக்கும் எண்ணை ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வது, வேலைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது என மறுநாளே பள்ளியில் செய்யக்கூடிய ஏற்பாடுகள் அதிலிருந்து கிடைத்தன. ஓராண்டு கழித்து மீண்டும் அளந்து, கணிப்பு தவறென்றால் திருத்திக்கொள்ளவும் முடியும்.

இதற்கும் குறைகள் உண்டு. தூக்கமின்மை, பதற்றம், புதிய இடம் ஆகியவை மதிப்பெண்ணைக் குறைக்கும். சுமார் இரண்டு விநாடிக்குள் உச்சரிக்க முடிகிற அளவே நினைவில் தங்குகிறது என்று 1975-இல் உளவியலாளர் பேட்லி குழுவினர் காட்டினர். தமிழ் எண்களை உச்சரிக்க ஆங்கில எண்களைவிட நேரம் பிடிக்கும் என்பதால், எந்த மொழியில் கேட்கப்போகிறார்கள், எந்த மொழிக்கான அளவுகோலோடு ஒப்பிடப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பயிற்சியால் எண்ணிக்கை ஏறிவிடும் என்பதும் உண்மையே. 1980-இல் எரிக்சன் குழுவினர் விவரித்த ஓர் அமெரிக்க மாணவர், நெடும்பயிற்சிக்குப் பின் ஏழிலிருந்து 79 எண்கள் வரை உயர்ந்தார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது ஆறுக்கே இறங்கிவிட்டார். ‘நினைவாற்றல் பயிற்சி’ வகுப்புகளுக்குப் பணம் கட்டுமுன் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மரபணுச் சோதனை முந்தும் இடமும் ஒன்று உண்டு. பேச்சு, நடை, கற்றல் என எல்லாமே பிந்தி, குடும்பத்தில் வேறு சிலருக்கும் அவ்வாறே இருக்குமானால், மருத்துவர் ‘உடையும் எக்ஸ்’ என்ற மரபுவழி வளர்ச்சிக் குறைபாட்டுக்கான சோதனையை எழுதித்தரக்கூடும். எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற தொடர் 200 முறைக்கு மேல் அடுக்கி வந்தால் அந்த மரபணு பொதுவாகச் செயலிழந்துவிடும். அங்கே எழுத்துக்கும் பிள்ளைக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. அப்படி எழுதித்தரப்பட்டால் எண் வரிசையை நம்பிக் காத்திராமல் அந்தச் சோதனையையே முதலில் செய்ய வேண்டும்.