டிவி ட்யூனர், கேப்ச்சர் கார்டு வாங்குகிறீர்களா? நீல முனையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும், அப்படியே டிவி நிகழ்ச்சியையும் பதிவு செய்ய வேண்டும் என்று யாராவது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கிளம்பினால், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரே கடையில் இரண்டு முறை உதவாத பொருளை விற்றார்கள். இரண்டாம் முறை விற்றது முதலாவதற்கு மாற்று என்று சொல்லி, மேற்கொண்டு பணமும் வாங்கிக்கொண்டு. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே தெருவில் ஒழுங்காக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இதே பெட்டி, அதே பொய்யோடு, ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஆகவே அடையாளம் காட்ட வேண்டியது பெட்டியைத்தான்.

கடையில் நான் கேட்டது தெளிவாகவே இருந்தது. வீட்டில் டெக் இன்னும் ஓடுகிறது, அக்காவின் கல்யாணக் கேசட்டுகள் இருக்கின்றன, அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும். செட்டாப் பாக்ஸில் வருவதையும் பதிவு செய்ய முடிந்தால் நல்லது. "ஒரே ஸ்டிக்ல ரெண்டும் முடிஞ்சிடும் சார். கேபிள் வயரை நேரா சொருகுங்க, எல்லா சேனலும் வந்துடும்" என்று ஒரு யூ.எஸ்.பி. டிவி ட்யூனரை எடுத்து வைத்தார். ரூ.1,600. பெட்டிக்குள் கட்டை விரல் அளவு ரிமோட், குட்டி ஆன்டெனா, டிரைவர் சி.டி. எல்லாம் இருந்தன.

அந்த சி.டி.யில் இருந்த டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7 ஆகியவற்றுக்கானது. என்னுடைய லேப்டாப்பில் விண்டோஸ் 11. அது அந்த டிரைவரை ஏற்கவே இல்லை. சரி என்று தூசி தட்டி ஒரு பழைய விண்டோஸ் 7 கணினியில் போட்டால், ட்யூனர் வேலை செய்தது. சேனல் தேடச் சொன்னேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

அகப்படவும் வாய்ப்பில்லை. அது அனலாக் ட்யூனர், அதாவது பழைய முறை சிக்னலை மட்டுமே பிடிக்கும். கேபிள் டிவியை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை 2012-இல் பெருநகரங்களில் தொடங்கி, 2017 மார்ச்சோடு நாடு முழுவதற்கும் கெடு முடிந்துவிட்டது. இப்போது கேபிள் வயரில் வருவது பூட்டுப் போட்ட டிஜிட்டல் சிக்னல். அந்த ஆபரேட்டரின் செட்டாப் பாக்ஸும் கார்டும் இல்லாமல் படம் திறக்காது. டி.டி.ஹெச். கதையும் இதேதான். டிடி ஃப்ரீ டிஷ் மாதிரி இலவசச் சேனல்களை டிஷ் ஆன்டெனா வழியாகக் கணினியில் பார்க்க வேண்டுமானால் டி.வி.பி.-எஸ்2 வகை கார்டு வேண்டும். அது வேறு பொருள். "கேபிள் வயரை நேரா சொருகுங்க" என்று இன்று ஒருவர் சொன்னால், அவர் தேங்கிப்போன பழைய சரக்கை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் இதையே விற்கிறவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாரில்லை.

திரும்பக் கொண்டுபோனதும் அவர் சொன்ன பதில் அருமையானது: "டிரைவர் பிரச்சினைக்கு நாங்க என்ன சார் பண்றது? உங்க கம்ப்யூட்டர்தான் ரொம்பப் புதுசு." கொஞ்ச நேரம் வாக்குவாதம் செய்த பிறகு, ட்யூனரை எடுத்துக்கொண்டு, மேலே ரூ.900 வாங்கிக்கொண்டு, இரண்டு சாமான்களைக் கொடுத்தார். ஒன்று, ஹெச்.டி.எம்.ஐ. கேப்ச்சர் டாங்கிள், அதாவது ஹெச்.டி.எம்.ஐ. வயரில் வரும் படத்தைக் கணினியில் பதிவு செய்யும் குட்டிக் கருவி. பெட்டியில் "4கே, 60 எஃப்.பி.எஸ்., யூ.எஸ்.பி. 3.0" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது (எஃப்.பி.எஸ். என்றால் நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு), முனையும் அதற்கேற்ற நீல நிறம். இன்னொன்று, டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை வாங்கி ஹெச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி.

இந்த முறை படம் வந்தது. வந்த படத்தில் அக்காவும் மாமாவும் அரை சுற்று பெருத்திருந்தார்கள். நலங்கு வைக்கிற கை விட்டு விட்டு நகர்ந்தது. கேசட் பழசு, அதனால்தான் என்று கடைக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதே கேசட்டை அதே டெக்கில் போட்டு நேராக டிவியில் பார்த்தால் ஆள்கள் ஆள்களாகவே இருந்தார்கள், கையும் ஒழுங்காகத்தான் நகர்ந்தது.

காரணம் அந்த மாற்றுப் பெட்டி. நம் ஊர் கேசட்டுகள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிவானவை: 576 வரிகள், நொடிக்கு 25 முழுப் படம், அதாவது 50 அரைப் படம், 4:3 அளவு. மாற்றுப் பெட்டி இதை வாங்கி 720 அல்லது 1080 வரியாக ஊதி, நொடிக்கு 60 படமாக்கி, 16:9 திரையை நிரப்ப இழுத்துவிடுகிறது. 50 அரைப் படத்தை 60-க்குள் அடைக்க, சில படங்களை இரண்டு முறை காட்டியாக வேண்டும். அசைவில் அந்தத் தடுக்கல் வருவது அங்கேதான். அகலத்தை எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம். தடுக்கலை அப்படி எடுக்க முடியாது, பதிவிலேயே கலந்துவிடுகிறது. டிவியில் ஏதோ படம் தெரிந்தால் போதும் என்பவருக்கு இந்தப் பெட்டி சரி. நூறு வருடம் வைத்துக்கொள்ளப் போகிற கல்யாண வீடியோவுக்கு ஆகாது.

அடுத்து அந்த டாங்கிள். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் அதன் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தேன். வி.ஐ.டி. (தயாரிப்பாளர் எண்) 534டி, பி.ஐ.டி. (பொருள் எண்) 2109. மேக்ரோசிலிக்கான் நிறுவனத்தின் எம்.எஸ். 2109 சிப் அது. மலிவான டாங்கிள்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இது யூ.எஸ்.பி. 2.0 சிப். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆனால் கணினிக்கு அனுப்புவது அதிகபட்சம் 1080 வரி, நொடிக்கு 30 படம், அதுவும் எம்.ஜே.பெக் முறையில் சுருக்கிய பிறகு. பெட்டியில் போட்ட "4கே" வாசல் அளவு, உள்ளே அறை அந்த அளவு இல்லை. கணக்குப் போட்டால் பித்தலாட்டம் தெரிந்துவிடும். சுருக்காத 1080 வரிப் படம் நொடிக்கு 60 என்றால் ஏறக்குறைய 2 ஜிகாபிட் போக வேண்டும், யூ.எஸ்.பி. 2.0-இன் உச்சமே 480 மெகாபிட். ஒலியும் ஒழுங்கில்லை. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவை இந்த சிப் 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று, அதாவது இரண்டு தட ஒலியை ஒரே தடம் என்று, கணினியிடம் சொல்லும். எம்.எஸ். 2109 மட்டமான சிப் என்று சொல்லவில்லை. அதன் விலைக்கு, ஆன்லைன் வகுப்புக்கு கேமரா இணைக்க, தாராளமாகப் போதும். அதை யூ.எஸ்.பி. 3.0 என்று அச்சடித்து விற்பதுதான் மோசடி.

முனைக்குள் எட்டிப் பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையான யூ.எஸ்.பி. 3.0 முனையில் முன்னால் நான்கு உலோகத் தகடுகளும், அவற்றுக்குப் பின்னால் தள்ளி இன்னும் ஐந்து சின்னத் தொடுமுனைகளும் இருக்கும். என்னிடம் கொடுத்ததில் முன்னால் உள்ள நான்கு மட்டும்தான். நீல பிளாஸ்டிக் வெறும் வேஷம்.

செட்டாப் பாக்ஸின் ஹெச்.டி.எம்.ஐ.யை டாங்கிளில் சொருகினால் கறுப்புத் திரைதான் வந்தது. அது ஹெச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்புப் பூட்டின் வேலை, டாங்கிளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "செட்டாப் பாக்ஸும் இதுல வரும் சார்" என்று சொல்லி விற்றதைக் குறை சொல்லலாம். பாக்ஸில் மஞ்சள் வீடியோ வெளியீடு இருந்தால் அதன் வழியாகச் சாதாரணத் தரத்தில் படம் கிடைக்கலாம்.

கேசட்டுக்கு வாங்க வேண்டியது மஞ்சள் அல்லது எஸ்-வீடியோ உள்ளீடு நேராக உள்ள கேப்ச்சர் கருவி. 720-க்கு 576, நொடிக்கு 25 படம் என்று அப்படியே பதிவாக வேண்டும், ஓ.பி.எஸ். மாதிரி வீடியோ பதிவு மென்பொருளில் அந்த அளவைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. ஈசிகேப் என்ற பெயரில், ஒரே மாதிரி உறைக்குள், எஸ்.டி.கே. 1160, யூ.டி.வி. 007, சோமேஜிக், எம்பியா என்று வெவ்வேறு சிப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேறு. நண்பர் வாங்கியது சுலபமாக ஓடியது என்பதற்காக நீங்கள் வாங்குவதும் ஓடும் என்றில்லை. உங்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்ச் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். "சீல் உடைச்சா திரும்ப எடுக்க மாட்டோம்" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள், அங்கே பத்தடிக்கு ஒரு கடை.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தந்தது பில் இல்லை, "எஸ்டிமேட்" என்று போட்ட துண்டுச் சீட்டு. அதன் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது". 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகளாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. இதைச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சிரிப்பு நின்று, "வாங்க சார், பேசிக்கலாம்" என்று பதில் வந்தது. பேசியதில் ரூ.900 திரும்பி வந்தது. முதலில் கொடுத்த ரூ.1,600 இன்னும் வரவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது.

இதில் என் கை ஓங்க உதவியது, அந்தத் துண்டுச் சீட்டிலேயே "யூ.எஸ்.பி. 3.0 கேப்ச்சர்" என்று அவர் கைப்பட எழுதியிருந்ததுதான். நீங்கள் வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில்லாகவே கேட்டு, அதில் மாடல் எண்ணையும், யூ.எஸ்.பி. 2.0-வா 3.0-வா என்பதையும், எந்த விண்டோஸில் ஓடும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.