டூயல் பூட் போட்டுத் தருகிறோம் என்றால் டப்பாவைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்

அக்கா மகளுக்குத் திருச்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்தது. லேப்டாப் வாங்கிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. லேபில் லினக்ஸ் (அதில் உபுண்டு என்கிற வகை) வேண்டும், வேறு ஒரு பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் சாஃப்ட்வேர் வேண்டும். அதனால் இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே மெஷினில், டூயல் பூட் என்பார்கள்; ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆபீஸில் நாள் முழுக்க லினக்ஸோடு மாரடிக்கிறவன் நான், எனக்கு இது பெரிய காரியமே இல்லை. அப்படி இருந்தும் ஏமாந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. வாட்ஸ்அப்பில் முன்பே விலை கேட்டு வைத்திருந்த கடை. கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தத் தெருவில் நான் பதினைந்து வருடமாக நியாயமாகப் பொருள் வாங்கிய கடைகளும் இருக்கின்றன. 61,500 ரூபாய், விண்டோஸ் 11 ஹோம் உள்பட என்று பேச்சு. பணம் கட்டும்போது கவுண்டரில் இருந்தவர், “சார், உபுண்டு வேணும்னீங்கல்ல, டூயல் பூட் நாங்களே போட்டுத் தர்றோம். ஆயிரத்தைந்நூறு. ரெண்டு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுட்டு வந்துடுங்க” என்றார்.

அன்று இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அக்காவும் அவளும் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டவில்லை, பக்கெட் வாங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சீல் பிரிக்காத டப்பா, பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் போனது. திரும்பி வந்தபோது லேப்டாப் மட்டும் பையில் இருந்தது. “டப்பா எதுக்கு சார், பைக்ல தூக்கிட்டுப் போக முடியாது” என்றார் ஒரு பையன். எங்கள் வீட்டில் எந்த டப்பாவையும் தூக்கிப் போடும் வழக்கம் கிடையாது, பரணில் 2009 மிக்சி டப்பாகூட இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

மெஷினைத் திறந்து காட்டினார்கள். தேர்வுப் பட்டியல் வந்தது, உபுண்டு 24.04 வந்தது, விண்டோஸும் வந்தது. ஹோம் கேட்டேன், அதைவிட விலை அதிகமான ப்ரோ இருந்தது. “சும்மா போட்டுக் கொடுத்திருக்கேன் சார், உங்களுக்காக.” தாராள மனசு என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் அழுதுகொண்டே போன். “மாமா, மேம் நான் காப்பி அடிச்சேன்னு சொல்றாங்க.” மதியம் 2:15க்கு லேபில் உட்கார்ந்து விண்டோஸில் எழுதிய ப்ரோகிராம், ஃபைலில் பதிவாகியிருந்த நேரம் காலை 8:45. வகுப்பு தொடங்கும் முன்பே எழுதி முடித்த ஃபைல் எப்படி வந்தது என்று கேள்வி.

ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. மெஷினுக்குள் ஓடும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸோ அதே கடிகாரத்தைப் பார்த்து, இது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் நாட்டுக்கு வித்தியாசம் சரியாக 5:30. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் தாவும்போதெல்லாம் நேரம் பின்னால் போகும், இன்டர்நெட்டோடு ஒத்துப் பார்க்கும்வரை அப்படியே நிற்கும். இது மோசடி இல்லை. லினக்ஸில் ஒரு வரி கட்டளையில் சரிசெய்துவிடலாம். ஆயிரத்தைந்நூறு வாங்கியவர்கள் அந்த ஒரு வரியைப் போடவில்லை, அவ்வளவுதான். பேராசிரியைக்கு நானே விளக்கி மெயில் எழுதினேன். நல்லவேளை, புரிந்துகொண்டார்.

தீபாவளிக்கு அவள் வந்தபோது அந்த ஒரு வரியைப் போடத்தான் லேப்டாப்பைக் கையில் எடுத்தேன். போகிற போக்கில் விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தேன். கடையில் முறையாக வாங்கிய மெஷினில் டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்க வேண்டும். இதில், ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்’ ஆக்டிவேட் ஆகியிருப்பதாக இருந்தது. ஹாஸ்டலில் இட்லிக்கு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு என்ன நிறுவனம்?

விஷயம் இதுதான். பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான மெஷின்களுக்குத் தங்கள் சர்வர் வழியாக விண்டோஸை ஆக்டிவேட் செய்ய ஒரு முறை இருக்கிறது. கேஎம்எஸ் என்பார்கள். 180 நாளுக்குச் செல்லும், நடுநடுவே புதுப்பித்துக்கொள்ளும். அந்த சர்வர் மாதிரியே நடிக்கும் ஒரு திருட்டு ப்ரோகிராமை மெஷினுக்குள்ளேயே வைத்துவிட்டால், அது தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருக்கும். ப்ரோ எப்படி இலவசமாக வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அந்தத் திருட்டு ப்ரோகிராமை, விண்டோஸோடு வரும் வைரஸ் காவல்காரன் டிஃபெண்டர் பிடித்துவிடும் அல்லவா? அதற்கும் வழி செய்திருந்தார்கள். டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்தால் ஒரே ஒரு வரி: சி டிரைவ். முழு சி டிரைவையும் பார்க்காதே என்று காவல்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த மெஷினில்தான் அக்கா செமஸ்டர் ஃபீஸை நெட்பேங்கிங்கில் கட்டியிருந்தாள். எனக்கு அடிவயிறு கலங்கியது இந்த இடத்தில்தான். லைசென்ஸ் போனால் காசுதான் போகும். அன்று இரவே என் போனில் உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

பிறகு லினக்ஸுக்குள் போனேன். விண்டோஸோடு ஃபேக்டரியிலிருந்து வரும் லேப்டாப்பில், லைசென்ஸ் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (போர்டிலேயே தங்கியிருக்கும் மென்பொருள்) பதிந்திருக்கும். அதற்கு எம்எஸ்டிஎம் என்று ஒரு அட்டவணை. ஃபர்ம்வேர் தரும் இந்த மாதிரி அட்டவணைகளை ஏசிபிஐ அட்டவணைகள் என்பார்கள்; லினக்ஸில் அவை இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் தெரியும். இதில் இல்லை. பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். கடை ஸ்டிக்கர் ஒன்று கொஞ்சம் கோணலாக, கம்பெனி லேபிள் மேல் ஒட்டியிருந்தது. ஹேர் டிரையரைக் காட்டி மெதுவாக உரித்தேன். அடியில் டாஸ் என்று இருந்தது. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தேன், அங்கும் அதேதான். விண்டோஸே இல்லாத மாடல். அதே மெஷினின் விண்டோஸ் மாடலுக்கும் இதற்கும் அன்றைய தேதிக்கு ஐயாயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.

டாஸ் லேப்டாப் வாங்குவது தப்பே இல்லை. லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுதான் லாபம். டாஸைக் கொடுத்துவிட்டு விண்டோஸுக்குக் காசு வாங்கியதுதான் பிரச்சினை. டூயல் பூட் என்கிற சாக்கு அவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது பாருங்கள். டப்பாவை என் கண் முன்னால் பிரித்து ஆன் செய்திருந்தால் விண்டோஸ் இல்லை என்பது அங்கேயே தெரிந்திருக்கும்.

ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவையும் பழையதாக மாற்றியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்து, அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அந்த டிரைவே எழுதி வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 311 மணி. அவள் பயன்படுத்திய கணக்கோடு ஒத்துப்போனது. அதில் கை வைக்கவில்லை. அந்த மட்டும் நல்லவர்கள்.

கடைக்குப் போனேன். “பில்லைப் பாருங்க சார், விண்டோஸ்னு எங்க போட்டிருக்கு?” போடவில்லைதான். லேப்டாப், ஐ5, 16, 512, ஒன்று. அவ்வளவே. ஆயிரத்தைந்நூறுக்குப் பில்லே கிடையாது, துண்டுச்சீட்டு. “வேணும்னா எண்ணூறு ரூபாய்க்கு ஒரிஜினல் கீ வாங்கித் தர்றேன்” என்றார். அந்த விலைக்கு வரும் கீ எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிந்தேன். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் பழைய வாட்ஸ்அப் செய்தி: “வின் 11 ஒரிஜினல் வரும் சார்” என்று அவர்களே அனுப்பியது. அதோடு ஸ்டிக்கர் உரித்த டப்பாவின் படம். பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து போன் வந்தது, குரலில் ரொம்ப மரியாதை. ஐயாயிரம் ஜிபேயில் வந்தது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று இருந்தேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு யார் அலைவது என்று நாம் விட்டுவிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எஸ்எஸ்டியை அந்தத் தீபாவளி லீவிலேயே முழுக்கத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். விண்டோஸ் ஹோம் லைசென்ஸைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. அது அந்த ஐயாயிரத்தைவிடக் கணிசமாக அதிகம். முதலில் விண்டோஸ், பிறகு உபுண்டு. கடைக்காரர்கள் செக்யூர் பூட்டை (நம்பகமான ஓஎஸ்தான் தொடங்குகிறதா என்று பார்க்கும் பாதுகாப்பு) அணைத்து வைத்திருந்தார்கள். உபுண்டுவுக்கு அதை அணைக்கவே வேண்டாம். இன்ஸ்டால் செய்யும் முன்பே மறுபடி ஆன் செய்தேன். எல்லாம் முடிந்தபிறகு பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங்ஸ்) வேறொன்றை மாற்றினேன், அடுத்த நிமிஷம் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் இப்போதைய விண்டோஸ் 11 தானாகவே டிரைவைப் பூட்டிவிடுகிறது. பயாஸில் கை வைத்தால் சந்தேகப்படும். கீ அவளுடைய கணக்கில் இருக்கிறது, ஓடிபி அவள் போனுக்கு வரும், அவளோ சித்தி வீட்டில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் செய்யும்போது அந்தக் கீயை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பயாஸுக்குள் போங்கள்.

போன வாரம் ஆபீஸ் நண்பருக்கு லேப்டாப் வாங்க அதே தெருவுக்குப் போனோம், வேறு கடை. பில்லில் முழு மாடல் நம்பரும் விண்டோஸ் 11 ஹோம் என்பதும் இருக்க வேண்டும் என்றேன், போட்டார். டப்பாவை இங்கேயே பிரியுங்கள் என்றேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். உபுண்டு பென்டிரைவைச் செருகி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து, அந்த ஃபோல்டரைத் திறந்தேன். எம்எஸ்டிஎம் இருந்தது. “டூயல் பூட் போட்டுத் தரணுமா சார்?” என்றார். வேண்டாம் என்று டப்பாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தோம்.