சந்தை இரைச்சலுக்கு எந்தக் காது மெஷின்?

"சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." அறுபதைத் தாண்டியவர்கள் இப்படிச் சொன்னால், கவனமில்லை என்று வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். வயதாகும்போது உட்காதில் முதலில் தேய்வது உயர்சுரங்களை வாங்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள். ஒருமுறை போனால் அவை மறுபடி முளைப்பதில்லை. உயிரெழுத்துகளின் ஓசை கீழ்சுரம் என்பதால் காதில் விழுந்துவிடும். க, ச, த, ப போன்ற வல்லினங்களின் கூர்மைதான் மழுங்கும். போச்சம்பள்ளி வாரச்சந்தையில் 'பத்து', 'பட்டு', 'கட்டு' மூன்றும் ஒன்றாகவே ஒலிக்கும். பல குரல்களிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் மூளையின் வேகமும் வயதோடு குறைகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுவை, பாலிஷ் பட்டறைகளில் காலம் கழித்தவர்களுக்கு இரைச்சலால் வந்த சேதமும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

அதனால் கருவி எவ்வளவு சத்தமாகக் கொடுக்கிறது என்பதை வைத்து எடைபோடக் கூடாது. பேச்சு, சுற்றியுள்ள இரைச்சலை விட எத்தனை டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) மேலே நிற்கிறது என்பதே கணக்கு. திறந்த வெளியில் பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் பேச்சு சுமார் 6 டெசிபல் கூடும். இதை மனதில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சட்டைப்பையில் வைக்கும் பாக்கெட் மெஷின்தான் விலை குறைந்தது. பென்சில் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் பெரியது. கை நடுங்குபவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இது பெரிய வசதி. குறை என்னவென்றால், மைக் நெஞ்சில் இருக்கிறது. சட்டை உரசுவதும் பஸ் ஹாரனும் பேச்சும் ஒரே அளவில் பெருகி வரும். ஆனால் பலர் செய்யாத ஒரு வேலை இதில் உண்டு: பெட்டியைப் பையிலிருந்து எடுத்து, பேசுபவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தால், விலை அதிகமான மெஷினை விடவும் அந்த நேரத்துக்குத் தெளிவாகக் கேட்கும்.

காதுக்குள் முழுசாக மறையும் சின்ன மெஷினை வெளியே தெரியாது என்பதற்காகவே வாங்குகிறார்கள். இரைச்சலுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இடமில்லாததால் பெரும்பாலும் ஒரே மைக்தான். எதிரில் வரும் குரலையும் முதுகுப்பக்க இரைச்சலையும் அதனால் பிரிக்க முடியாது. குரும்பி அடைப்பதும் இதில்தான் அதிகம்.

காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷினில் முன்னும் பின்னுமாக இரண்டு மைக் இருந்தால், முன்பக்கக் குரலுக்கு ஒரு சில டெசிபல் ஆதாயம் கிடைக்கும். அதற்கு உட்காரும் விதமும் முக்கியம். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கும் மேளத்துக்கும் முதுகைக் காட்டி, பேசுபவர் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும். பக்கவாட்டில் நின்று பேசினால் ஆதாயம் போய்விடும். பைக்கில் போகும்போது காற்று மைக்கில் அடித்து இரையும். மெஷின் 'கீ' என்று விசிலடித்தால், காதில் பொருந்தும் அச்சு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் காதில் குரும்பி இருக்கும். இந்த மெஷினில் போடும் சின்ன துத்தநாக-காற்று பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் போடாமல் ஐந்து நிமிடம் காற்றுப்படவிட்டுப் போட்டால் சரியான சக்தி வரும்.

இரைச்சலில் இவை எல்லாவற்றையும் மிஞ்சுவது ரிமோட் மைக்தான். மகனோ மருமகளோ அதைச் சட்டைக் காலரிலோ புடவை மடிப்பிலோ மாட்டிக்கொண்டால், குரல் நேராகக் காது மெஷினுக்கு வரும். பொருந்தும் மெஷின் இருந்தால்தான் வேலை செய்யும், தனிச் செலவும் ஆகும். பத்துப் பேர் மாறி மாறிப் பேசும் இடத்தில் மாட்டிக்கொண்டவர் குரல் மட்டுமே தெளிவு.

ஆண்ட்ராய்டு போனில் பேச்சைத் தமிழில் எழுத்தாக்கும் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' ஆப்பை மருத்துவர் அறை, வங்கி கவுண்டர் போன்ற இடங்களில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சந்தைக்கு உதவாது, நான்கு குரல்களை ஒன்றாகக் கலந்துவிடும்.

எங்கள் தேர்வு: கையிருப்பு அனுமதித்தால் இரண்டு காதுக்கும் இரட்டை மைக் மெஷின், தினமும் ஒருவரோடு மட்டும் அதிகம் பேசுபவருக்கு அதோடு ரிமோட் மைக். முடியாதவர்கள் பாக்கெட் மெஷினைக் கையில் பிடித்துப் பழகட்டும். ஆன்லைனில் விற்கும், காதை அளக்காமலே எல்லாச் சத்தத்தையும் கூட்டும் பொருட்களைத் தொடவே வேண்டாம்.

எதை வாங்கும் முன்பும் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், குரும்பியை எடுத்துவிட்டு ஆடியோகிராம் (எந்தச் சுரம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை) பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அது வயதுக் கோளாறு அல்ல. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இலவசக் கருவிக்குத் தகுதி உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மூளை பழக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் போடுங்கள், பிறகு டீக்கடை, கடைசியாகச் சந்தை. மெஷினை டியூன் செய்யும் அமைதியான அறையிலேயே சரி என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. வாசலுக்கு வந்து, ரோட்டு இரைச்சலில் வீட்டு ஆளைப் பேசச் சொல்லிக் கேட்டு, புரியாவிட்டால் அங்கேயே திரும்ப மாற்றச் சொல்லுங்கள்.