மினோவர்களா, பினீசியர்களா?

மத்தியதரைக் கடலின் இந்த இரு பழங்கால மக்களில் என் மனம் யார் பக்கம்? கிரேக்கத்தின் கிரீட் தீவில் வாழ்ந்த மினோவர்களை நமக்குக் காட்டுவது ஓவியம். அவர்கள் செல்வாக்கில் வாழ்ந்த சாந்தோரினித் தீவின் அக்ரோத்திரி நகரில், எரிமலைச் சாம்பலுக்கடியில் கிடைத்த சுவரோவியத்தில் ஆட்கள் இன்னும் துடுப்பு வலிக்கிறார்கள். கப்பல்களைச் சுற்றி டால்பின்கள் துள்ளுகின்றன. ஆனால் மினோவர்களின் லீனியர் ஏ எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. கிரேக்கக் கதைகளில் மிஞ்சியது மினோஸ் மன்னனும் காளைத்தலை மினோட்டாரும்தான்.

லெபனான் கரையின் பினீசியர்கள் கடற்சங்கிலிருந்து ஊதாச் சாயம் எடுத்து விற்றவர்கள். அவர்களுடைய 22 எழுத்துகளே கிரேக்க எழுத்துக்கு மூலம். பினீசியாவிலிருந்து புராண இளவரசன் காட்மஸோடு வந்தவர்களே கிரேக்கத்துக்கு எழுத்தைக் கொண்டுவந்தார்கள் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். அவர்களின் முதல் எழுத்தான 'அலெஃப்' என்றால் காளை. அதுதான் கிரேக்கத்தின் முதல் எழுத்தான ஆல்ஃபா ஆனது.

அழகில் மினோவர்கள், ஆனாலும் என் மனம் பினீசியர் பக்கமே. கதைப்படி மினோஸின் தாய் யூரோப்பாவே பினீசிய இளவரசிதான். காளை உருவில் வந்த கிரேக்கக் கடவுள் சியூஸ் அவளைச் சுமந்து கடல் கடந்தது கிரீட்டுக்கு.